ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நான் அழித்த பதினொரு பேர்

ஓசூரில் இறங்கியதும் நான் முதலில் செய்த காரியம், பையைத் திறந்து துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டதுதான். திருநெல்வேலிக்காரிக்கு மார்கழி என்றால் கோலமும் கோயில் பொங்கலும்தான் தெரியும். இங்கே மூச்சு விட்டால் புகை வந்தது. இரண்டு மூன்று முறை வேண்டுமென்றே ஊதிப் பார்த்தேன். எதிரே நின்ற டீக்கடைக்காரர் சிரித்தார்.

அவர் ஒருவருக்குத் தெலுங்கில் சில்லறை கொடுத்தார், இன்னொருவரிடம் கன்னடத்தில் ஏதோ சண்டை பிடித்தார், என்னைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தார். "உங்களுக்கு என்னாங்க, டீயா காப்பியா?"

"நான் தமிழ்தான்னு எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"ஆள் நிக்கறதப் பாத்தாலே தெரிஞ்சிரும்ங்க. அதுவும் நீங்க தெக்கத்தி ஆளு. குளிர்ல இந்தப் பாடு படறீங்களே."

நான் பாளையங்கோட்டையில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி ஆண்டு படிக்கிறேன். ஐந்து வகைப் படங்கள் எடுத்து, எடிட் செய்து, ஆல்பமாகக் கொடுக்க வேண்டும்: போர்ட்ரெய்ட், லேண்ட்ஸ்கேப், ஸ்ட்ரீட், உணவு, தொழிற்சாலை. "தாமிரபரணியையும் கோபுரத்தையும் எடுத்துட்டு வந்து நீட்டுனா வாங்க மாட்டேன்" என்று எங்கள் சார் முதலிலேயே சொல்லிவிட்டார். பெரியம்மா மகள் உமா அக்கா ஓசூரில் ஒரு கம்பெனியில் மொபைல் பாகங்கள் பூட்டும் வேலையில் இருக்கிறாள். "இங்க வாட்டி இசக்கி, கம்பெனிக்கு மேல கம்பெனியா கெடக்கு. ஒரு வாரம் இருந்து எடுத்துட்டுப் போ" என்றாள். கல்லூரிக் கேமராவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, அண்ணனின் பழைய லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அக்கா இருப்பது ஓசூரை ஒட்டிய மத்திகிரியில். ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து வீடுகள், ஐந்திலும் கம்பெனி ஆட்கள். பக்கத்து வீட்டில் ரத்னம்மா. முப்பது வயதிருக்கும். அக்காவோடு ஒரே லைனில் வேலை. சொந்த ஊர் அஞ்செட்டிப் பக்கம் மலைக்காட்டு ஓரத்திலுள்ள நாட்றாம்பாளையம். வீட்டில் அவளும் அவள் அப்பா மாதப்பாவும் மட்டும். நாலு மாதத்துக்கு முன் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்திருக்கிறது. கையும் காலும் தேறிவிட்டன. பேச்சுதான் விசித்திரமாகப் போய்விட்டது. மூன்று மொழியும் சரளமாகப் பேசியவருக்குத் தமிழும் தெலுங்கும் அடியோடு மறந்து, வீட்டு மொழியான கன்னடம் மட்டும் மிஞ்சியிருந்தது. சில நேரம் நாளும் இடமும் குழம்பும். ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ரத்னம்மா அவரைத் தன்னோடு வைத்திருந்தாள்.

முதல் நாள் இரவுச் சாப்பாடு அவள் வீட்டில். கேழ்வரகுக் களி உருண்டை, அவரைக்கொட்டைக் குழம்பு. நான் இட்லியைப் போலக் களியைப் பிட்டு வாயில் போட்டு மென்றேன். மெல்ல மெல்ல அது வாய் முழுக்க அப்பிக்கொண்டது. பேசவும் முடியவில்லை.

"ஐயோ, அத மெல்லக்கூடாது கண்ணு. கொழம்புல பொரட்டி அப்பிடியே முழுங்கணும்" என்றாள் ரத்னம்மா.

மாதப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். ரத்னம்மா சிரித்து உருண்டாள். "எங்கப்பா என்னா சொல்றார் தெரியுமா? 'இந்தப் பொண்ணு புதுசா மேய்ச்சலுக்கு வந்த கன்னுக்குட்டி. ரெண்டு நாள்ல பழகிக்கும்'ங்கறார்."

சாப்பிடும் முன்பே களியை எட்டுப் படம் எடுத்திருந்தேன். கிண்ணத்தை விளக்கு வெளிச்சத்துக்கு நகர்த்தி, பின்னாலிருந்த கேஸ் அடுப்பையும் மருந்துப் பட்டையையும் துணியால் மூடி, எண்ணெய் தடவிய மாதிரி மினுக்க வைத்து எடுத்த படங்கள். உணவு என்ற வகை அதோடு முடிந்தது.

இரண்டாம் நாள் தொழிற்சாலைக்குப் புறப்பட்டேன். சிப்காட் போக எந்த பஸ் என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் கை காட்டிய பஸ்ஸில் ஏறினேன். கால் மணி நேரத்தில் ஒரு பெரிய சுங்கச்சாவடி வந்தது, அதைத் தாண்டியதும் கடைப் பலகைகளெல்லாம் வட்டம் வட்டமான எழுத்தாக மாறிவிட்டன. பக்கத்து இருக்கைப் பெண் என் முழியைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா போவணும்?" என்றார். சொன்னேன். "சிப்காட்டா? நீங்க கர்நாடகாவுக்கு வந்துட்டீங்க" என்றார். வீட்டில் என்னைத் தென்காசிக்குக்கூடத் தனியாக அனுப்பியதில்லை. நான் சொல்லாமல் கொள்ளாமல் மாநில எல்லையைத் தாண்டியிருந்தேன். கண்டக்டர் கன்னடத்தில் என்னைத் திட்டினார். அந்தப் பெண் தமிழில் மொழிபெயர்க்கும்போது பாதியைக் குறைத்துச் சொன்னார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

திரும்பி வந்தால், எந்தக் கம்பெனி வாசலிலும் கேமராவைத் தூக்க விடவில்லை. "ஃபோட்டோலாம் கூடாதும்மா, எங்க வேல போயிடும்" என்று ஒரு செக்யூரிட்டி அண்ணன் கும்பிடாத குறையாகச் சொன்னார். அவர் வேலையைக் கெடுக்க மனமில்லாமல் சாலைக்கு இந்தப் புறம் நின்று ஷிப்ட் பஸ்களை எடுத்தேன். வரிசையாக இறங்கும் பெண்கள், ஒரே மாதிரி சாப்பாட்டுப் பைகள், கழுத்தில் அடையாள அட்டைகள். மாலையில் உமா அக்கா பார்த்துவிட்டு, "இதுல கம்பெனி எங்கட்டி இருக்கு?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் விடியலில் ஸ்ட்ரீட் படங்களுக்காக ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பனி இறங்கியிருந்தது. பஸ்களின் முன்விளக்குகள் பனிக்குள் மஞ்சளாகக் கரைந்து நின்றன. கீழ்வானம் சிவந்ததும் ஒரு பஸ்ஸின் மேல்விளிம்பு மட்டும் தீப்பிடித்தது போல் மின்னியது. ஒரே இடத்தில் நின்று பதினான்கு படம் எடுத்தேன். விரல் மரத்துப்போனது தெரியவில்லை. நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான் என்று எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

மதியம் வீட்டில் யாருமில்லை. லேப்டாப்பைத் திறந்து பதினான்கில் சிறந்ததைத் தேர்ந்தேன். அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்கள் அங்கங்கே சிதறிக் கிடந்தார்கள். ஒருவர் குனிந்து செருப்பு மாட்டினார், ஒருவர் துப்பிக்கொண்டிருந்தார், ஒருத்தியின் முகம் போன் வெளிச்சத்தில் நீலமாக இருந்தது. எடிட்டிங் மென்பொருளில் ஒவ்வொருவரையும் சுற்றிக் கோடு இழுத்தேன். இழுத்ததும் அந்த இடத்தைப் பனி வந்து மூடிக்கொண்டது. மந்திரம் மாதிரி இருந்தது. பஸ் படிக்கட்டில் முதுகு காட்டி ஏறிக்கொண்டிருந்த ஒருவரின் மேல் ஒரு மஞ்சள் கோடு. கண்ணை அது இழுத்துக்கொண்டே இருந்ததால் அவரையும் அழித்தேன். மொத்தம் பதினொரு பேர். கடைசியில் பஸ்ஸும் பனியும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சின. கனவில் வரும் பஸ் ஸ்டாண்டு. அதே பெயரில் சேமித்து, வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸும் வைத்தேன். இருபது பேர் நெருப்பு எமோஜி போட்டார்கள்.

மூன்று மணிக்கு முற்றத்தில் ரத்னம்மாவின் குரல் கேட்டது. காலை ஷிப்ட் முடிந்து வந்திருக்கிறாள்.

"இசக்கி, எங்கப்பாவப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அவள் வைத்துவிட்டுப் போன சாப்பாடு மூடியபடி இருந்தது. அவருடைய பட்டன் போன் சார்ஜரில் தொங்கியது. டீக்கடையில் இருப்பார் என்றார்கள், இல்லை. கால்நடைப் பண்ணைப் பக்கம் மாடு பார்க்கப் போயிருப்பார் என்றார்கள், அங்கும் இல்லை. ஆறு மணிக்குப் பகல் ஷிப்ட் முடிந்து உமா அக்காவும் வந்துவிட்டாள். ஐந்து வீட்டு ஆட்களும் ஆளுக்கொரு தெருவாகப் பிரிந்து தேடினோம். ரத்னம்மாவின் தம்பி ஊரிலிருந்து போன் செய்தான். அஞ்செட்டிப் பாதையில் வந்த பஸ்ஸையெல்லாம் நிறுத்திக் கேட்டுவிட்டானாம். வரவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சமீபத்திய படம் ஒன்று வேண்டும் என்றார்.

அந்தக் குளிரில் அவர் எங்கே படுத்திருப்பார் என்று யாரும் வாய் விட்டுக் கேட்கவில்லை. எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

மறுநாள் காலை ரத்னம்மா ஒரு கல்யாணப் படத்தை என் போனுக்கு அனுப்பினாள். முப்பது பேர் நிற்கும் குடும்பப் படம். மாதப்பா மூன்றாவது வரிசையில் பாதி மறைந்து நின்றார். அவரை மட்டும் வெட்டி எடுத்து, முகத்தை வெளிச்சமாக்கி, 'காணவில்லை' என்று ஒரு அறிவிப்பு தயாரிக்கச் சொன்னாள். இத்தனை நாள் கற்ற வித்தை இதற்காவது உதவட்டும் என்று உட்கார்ந்தேன். கைபேசி எண்கள், உயரம், மொழி எல்லாம் எழுதிவிட்டு, "என்ன உடுத்தியிருந்தாருக்கா?" என்று கேட்டேன்.

"வெள்ள வேட்டி. மேல என்னோட கம்பெனி ஜெர்கின். குளிருதுன்னு அத எடுத்து மாட்டிக்குவார். நீலக் கலரு, முதுகுல குறுக்க மஞ்சள் பட்ட போட்டிருக்கும்."

லேப்டாப்பில் அந்த பஸ் ஸ்டாண்டுப் படத்தைத் திறந்தேன். பனி, பஸ், வெளிச்சம். ஆள் இல்லை. பழைய படத்தின் மேலேயே சேமித்திருந்தேன். மற்ற பதின்மூன்றையும் 'வேண்டாதவை' என்று அழித்தும் விட்டிருந்தேன்.

"அக்கா... நான் அவரைப் பாத்திருக்கேன்" என்றேன். "பஸ் ஸ்டாண்டுல. நான்தான் அழிச்சிட்டேன்."

ரத்னம்மாவுக்கு நான் சொன்னது புரியவில்லை. உமா அக்காதான் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அழாத. கேமராவுல இருக்கும்லா? அதுல பாரு."

கேமராவின் கார்டு சின்னது. படங்களை லேப்டாப்பில் ஏற்றியதும் கார்டைத் துடைத்துவிடுவது என் வழக்கம். முந்தின மாலையும் துடைத்திருப்பேன். தெருத்தெருவாகத் தேடப் போனதில் மறந்திருந்தது. பதினான்கும் அப்படியே இருந்தன.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். மூன்றாவது படத்தில் மாதப்பா பனிக்குள்ளிருந்து வருகிறார். ஐந்தாவதில் போனில் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ஏதோ கேட்கிறார். ஆறாவதில் அந்த ஆள், போனைக் காதிலிருந்து எடுக்காமல், முகத்தைத் திருப்பாமல், கையை மட்டும் நீட்டி ஒரு பஸ்ஸைக் காட்டுகிறார். ஒன்பதாவதில் பெரியவர் படியில் கால் வைக்கிறார். இவ்வளவும் என் கண் முன்னே நடந்திருக்கிறது. இரண்டு நாள் என்னோடு ஒரே முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர். நான் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸின் ஊர்ப் பலகை இருட்டில் கறுப்பாகக் கிடந்தது. நிழலை ஏற்றினேன், கூர்மையைக் கூட்டினேன், பனியின் வெளுப்பைக் குறைத்தேன். முதலில் ஒரு கோடு, பிறகு ஒரு சுழி. கடைசியில் மூன்று எழுத்து தெளிந்தது: "ங்கரை."

"ஊத்தங்கரை!" என்றாள் ரத்னம்மா. உடனே முகம் சுருங்கியது. "அங்க எங்களுக்கு யாருமே இல்லியே. அங்கெல்லாம் கன்னடம் யாருக்குத் தெரியும்?"

உமா அக்காவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் ரத்னம்மாவும் கிளம்பினோம்.

அவசரமாகப் போகும் நாளில்தான் பஸ்ஸுக்கு டயர் வெடிக்கும். சூளகிரி தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் இறங்கி நின்றோம். ரத்னம்மா அப்போதுதான் வாய் திறந்தாள். "ஊர்லயே இருக்கறேன்னுதான் சொன்னார். ராகி அறுப்பு நேரம், ஆனை எறங்கற நேரம், நான் போவணும்னு தெனமும் கேப்பார். நான்தான் புடிச்சி வெச்சேன். ஆஸ்பத்திரி பக்கம்னு." சாலையோரக் கல் ஒன்றைக் காலால் தள்ளினாள். "ஷிப்டுக்குப் போறப்ப வெளிய பூட்டிட்டுப் போன்னு எல்லாரும் சொன்னாங்க. மனசு வரல இசக்கி. பூட்டியிருக்கணுமா?"

எனக்கு இருபது வயது. "வேண்டாம்க்கா, நீ பூட்டாதது சரிதான்" என்றேன். பின்னால் வந்த பஸ் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் போனில் அந்த பஸ் படத்தைக் காட்டினேன். அவர் பஸ்ஸின் நெளிந்த பம்பரைப் பார்த்தே வண்டியை அடையாளம் சொல்லிவிட்டார். அந்தக் கண்டக்டருக்கு இன்று ஓய்வு. போன் போட்டு, எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஆமாங்க, நேத்து மொதல் சிங்கிள் ட்ரிப்புல வந்தாரு ஒரு பெரியவரு. எங்க போவணும்னு கேட்டேன். 'ஊரு, ஊரு'ன்னாரு. ஊத்தங்கரையத்தான் சொல்றாருன்னு டிக்கெட் கிழிச்சிட்டேன். தூங்கினே வந்தாரு. ஸ்டாண்டுல எழுப்பி எறக்கி விட்டேங்க. ஏங்க, என்னா ஆச்சி?"

ரத்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணியும் ஆவலீங்கண்ணா. நல்லா எறக்கி விட்டீங்களே, அது போதும்" என்றாள்.

ஊத்தங்கரையில் இறங்கும்போது உச்சி வெயில். ஓசூர்க் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். கடை கடையாக அதே பஸ் ஸ்டாண்டுப் படத்தைப் போனில் காட்டினோம். பரோட்டாக் கடையில் தெரியவில்லை, செல்போன் கடையில் தெரியவில்லை. வேர்க்கடலை வறுத்து விற்கும் அம்மா ஒருவர் போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"மூஞ்சி தெரியல. ஆனா இந்தச் சட்டயப் பாத்தேன். நேத்து மத்தியானம் இங்கதான் உக்காந்திருந்தாரு. தண்ணி குடுத்தேன், குடிச்சாரு. கடல குடுத்தேன், அதுவும் வாங்கினாரு. என்னமோ பேசினாரு, எனக்கு ஒரு எழவும் புரியல. அப்புறம் வைக்கோல் ஏத்தினு ஒரு டிராக்டர் போச்சி. எந்திரிச்சி அது பின்னாடியே நடந்து போனாரு."

"எந்தப் பக்கம்மா?"

"சிங்காரப்பேட்ட ரோட்ல."

ஒரு ஆட்டோ பிடித்தோம். விஷயத்தைக் கேட்ட டிரைவர் எங்களைவிட மும்முரமாகிவிட்டார். வைக்கோற்போர் தெரியும் இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தி, இறங்கி ஓடிக் கேட்டுவிட்டு வந்தார். முதல் இடத்தில் இல்லை. இரண்டாவது இடத்தில் நாய் துரத்தியது. மூன்றாவது இடத்தை நெருங்கும்போது, கொள்ளுக் காட்டுக்கு அப்பால், களத்தில் யாரோ குனிந்து வைக்கோல் அள்ளுவது தெரிந்தது. முகம் தெரியாத தூரம். நீலத்தின் மேல் ஒரு மஞ்சள் கோடு மட்டும் வெயிலில் பளிச்சென்று கண்ணை இழுத்தது.

"அதோ!" என்று கத்தினேன். ஆட்டோ நிற்கும் முன்பே ரத்னம்மா குதித்து ஓடினாள்.

வரப்பில் தடுக்கி, செருப்பை விட்டுவிட்டு, ஓடினாள். நான் அந்தச் செருப்பைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அவள் கிட்டே போய் நின்றதும் மாதப்பா நிமிர்ந்தார். வைக்கோலைக் கீழே போட்டார். மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் என்னவோ கேட்டார்.

ரத்னம்மா அப்படியே களத்தில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"என்னக்கா சொன்னாரு?"

"இன்னிக்கி ஏன் வேலைக்குப் போவலன்னு கேக்கறார்."

அந்தக் காட்டின் சொந்தக்காரர்கள் பழனியம்மாவும் அவர் வீட்டுக்காரரும். பழனியம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "உங்க அப்பாருங்களா? நேத்து சாயங்காலம் டிராக்டர் பின்னாடியே வந்து நின்னாரு. பேசினா புரியல. மொதல்ல பயமாத்தான் இருந்துச்சி. அப்புறம் பாத்தா, மாட்ட அவுத்து தண்ணி காட்டறாரு, சோளத்தட்டுப் போடறாரு. மாடும் இவுருக்கு அடங்கி நிக்குது. சரி, நம்மளாட்டம் குடியானவருதான்னு கட்டிலும் கம்பளியும் குடுத்தோம். இன்னிக்கி வேல முடிஞ்சதும் ஸ்டேஷனுக்குக் கூட்டினு போலாம்னு இருந்தோம்."

ரத்னம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பழனியம்மாவே சமாளித்தார். "அட, அழுவாத. ரெண்டு பேரும் காலைல இருந்து ஒண்ணியும் தின்னிருக்க மாட்டீங்க. வாங்க."

சாமைச் சோறு, கொள்ளு ரசம், கடலைத் துவையல். ஆட்டோ டிரைவருக்கும் ஒரு தட்டு. வெயிலில், வைக்கோல் வாசனையில், கை கூடக் கழுவிய ஞாபகமில்லாமல் நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். உமா அக்காவுக்கு போன் போட்டேன். அந்த முனையில் தொழிற்சாலைக் கேன்டீனே கத்தியது கேட்டது. அப்போதுதான் என் முதுகிலிருந்து ஏதோ மூட்டை இறங்கியது.

கேமரா பையிலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. கிளம்பும்போது பழனியம்மாதான், "அந்தப் பொட்டில எங்க எல்லாரையும் ஒண்ணு புடிம்மா" என்றார். எல்லோரையும் நிறுத்தினேன். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். கன்றுக்குட்டி வாலை ரத்னம்மாவின் முகத்துக்குக் குறுக்கே வீசியது. மாதப்பா மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்றோடு சரி என்று கேமராவை மூடினேன்.

பஸ் ஸ்டாண்டு படம் என்ன ஆனது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போனபின் பதினொரு பேரோடும் ஆல்பத்தில் வைத்தேன். சார் அதன் முன் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மஞ்சப் பட்டை கண்ணை இழுக்குதேம்மா. எடிட்ல எடுத்திருக்கலாமே" என்றார்.

"எடுத்துப் பாத்தேன் சார்" என்றேன். அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். லேண்ட்ஸ்கேப் வகையில் எனக்குப் பாதி மதிப்பெண்தான். ஓசூரில் ஒரு மலையைக்கூட உருப்படியாக எடுக்கவில்லை.

ஊத்தங்கரையிலிருந்து திரும்பும்போது, ஓசூர் பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் சேர்ந்து உட்கார்ந்தோம். மாதப்பாவுக்கு ஜன்னல், நடுவில் ரத்னம்மா, இந்தப் பக்கம் நான். ரத்னம்மா தம்பியிடம் போனில் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவை ஊருக்கே கூட்டிப்போகும்படி சொன்னாள். மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு மட்டும் அழைத்து வந்தால் போதும், மற்ற நாளெல்லாம் அவர் மாட்டோடு இருக்கட்டும் என்றாள். போனை வைத்தவள் அப்பாவின் ஜெர்கின் கையை ஒரு கையால் பிடித்தாள். பிடித்த பிடியிலேயே தூங்கிப்போனாள். கிருஷ்ணகிரி தாண்டியதும் தெரியாது, காலையில் டயர் வெடித்த இடத்தைக் கடந்ததும் தெரியாது. தலை அவர் தோளில் சரிந்தது. அவர் கொஞ்சமும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஓசூர் வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் எங்களிடம் வந்தார். "ஏம்மா, ஸ்டாண்டு வந்திருச்சி. அவங்கள எழுப்புங்க."

நான் கையை நீட்டும் முன் மாதப்பா என்னைத் தடுத்தார். கண்டக்டரைப் பார்த்து, தணிந்த குரலில் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசினார். கண்டக்டர் ரத்னம்மாவை ஒரு முறை பார்த்தார்.

"என்னண்ணே சொல்றாரு?"

"'இது எம்பொண்ணு. பாவம், யாரையோ தேடி ஊரெல்லாம் அலைஞ்சிட்டு வருது. கொஞ்சம் தூங்கட்டும்'ங்கறாருங்க."

கண்டக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, வண்டி எடுக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்று விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.